ஒரு சமன்பாட்டில் பொருந்தினால் போதாது

2எக்ஸ் + 3ஒய் = 7, எக்ஸ் − ஒய் = 4. இந்த இரண்டு சமன்பாடுகளுக்கும் (5, −1) தீர்வா?

அடைப்புக்குறிக்குள் முதலில் இருப்பது எக்ஸ், அடுத்தது ஒய். முதல் சமன்பாட்டில் பிரதியிட்டால் 10 − 3 = 7; பொருந்துகிறது. பலர் இங்கேயே சரி என்று குறித்துவிடுவார்கள். இதுவரை தெரிந்தது, புள்ளி முதல் சமன்பாடு குறிக்கும் கோட்டின் மேல் இருக்கிறது என்பது மட்டுமே. அந்தக் கோட்டில் எண்ணற்ற புள்ளிகள் உண்டு. இரண்டாவது கோட்டிலும் இருந்தால்தான் அது தீர்வு.

இரண்டாவதில் 5 − (−1) = 6. வலப்பக்கம் 4. எனவே தீர்வல்ல. குறை எண்ணை அடைப்புக்குறி இல்லாமல் போட்டு 5 − 1 = 4 என்று எழுதியிருந்தால், தவறான புள்ளி தேறியிருக்கும்.

இந்தப் புள்ளி எங்கிருந்து வந்திருக்கும்? எக்ஸ் − ஒய் = 4 என்பதை எக்ஸ் = 4 + ஒய் என மாற்றுவதற்குப் பதில் எக்ஸ் = 4 − ஒய் என்று எழுதினால், கணக்கு பிசகாமல் (5, −1)-இல்தான் முடியும். மாற்றி எழுதிய வரியில் சோதித்தாலும் 5 = 4 + 1 என்று பொருந்தும்! அதனால் சோதனையை எப்போதும் கேள்வியில் கொடுத்த சமன்பாடுகளில்தான் செய்ய வேண்டும். சரியான தீர்வு (3.8, −0.2): 7.6 − 0.6 = 7, 3.8 + 0.2 = 4.

விடையைத் தசமத்தில் முழுமையாக்கும்போது இன்னொரு சிக்கல். 1/3-ஐ 0.33 என்று போட்டால் மூன்று மடங்கு 0.99 ஆகும், 1 வராது. பின்னமாகவே வைத்துக்கொள்வது நல்லது. கணினியில் 0.1 + 0.2-கூட 0.3-க்குத் துல்லியமாகச் சமமாவதில்லை. ஆகவே நிரல்களில் சிறு வித்தியாசத்தை அனுமதிப்பார்கள்.

அந்த அனுமதியும் சில சமயம் ஏமாற்றும். எக்ஸ் + ஒய் = 2, எக்ஸ் + 1.0001ஒய் = 2.0001 என்பவற்றின் தீர்வு (1, 1). ஆனால் (2, 0)-ஐப் போட்டுப் பாருங்கள்: முதலாவது அப்படியே பொருந்தும், இரண்டாவதில் குறைவது வெறும் 0.0001. புள்ளியோ தீர்விலிருந்து இரு திசையிலும் 1 அலகு தள்ளி நிற்கிறது. கோடுகள் கிட்டத்தட்ட இணையாக ஓடுவதே காரணம். கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய் ஆகியவற்றின் முன்னுள்ள எண்களை, குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் வரும் அணிக்கோவை 1 × 1.0001 − 1 × 1 = 0.0001, கெழுக்களோடு ஒப்பிட மிகச் சிறியது. முதல் கணக்கில் அது −5, அங்கே இந்தப் பயமில்லை.