காட்டுல பட்ட பாடு பத்தாதா?

"ஏங்கண்ணு, நாப்பது வருசம் காட்டுல பட்ட பாடு பத்தாதா? இன்னும் என்னத்துக்கு எக்ஸர்சைஸ்?"

ஈரோட்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம் போன வருடம் இப்படிக் கேட்டவர், கோபிசெட்டிபாளையம் பக்கத்து அம்மா ஒருவர். வயது 72. எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டு, பால் கறந்து, சாணி அள்ளிய உடம்பு. மாடுகளை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். அதிலிருந்து நாற்காலி, டிவி, கட்டில்தான்.

கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று பார்த்தேன். நான்கு முறை. அந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தாலே கீழே விழும் ஆபத்து அதிகம். மகன் பதறிப்போனார். அம்மாவின் சர்க்கரையை மட்டும்தான் அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

வயதானால் தசை மெலியும். வேலை நின்றுபோனால் இன்னும் வேகமாக மெலியும். தொடை தளர்ந்தவர் ராத்திரி பாத்ரூமில் வழுக்கினால் சமாளித்து நிற்க முடியாது. இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் மிச்சத் தசையும் கரைகிறது, படுக்கைப் புண் வருகிறது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

"அப்பா தினமும் வாக்கிங் போறாருங்க" என்பார்கள். நல்லதுதான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நடை உதவும். ஆனால் அது மட்டும் போதாது. வாரம் 150 நிமிட நடையோடு, தசைக்கு 2 நாளும் உடம்பின் சமநிலைக்கு 3 நாளும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 90 வயதுக்காரர்களுக்கே எட்டு வாரத் தசைப் பயிற்சியில் கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

அந்த அம்மாவுக்குச் சொன்னது மூன்றுதான். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் ஒன்பது முறை எழுந்தார். அப்புறம் ஒரு நாள் டவுன் பஸ் ஏறித் தனியாகவே தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாராம். "படி ஏறறப்ப யாரும் கை குடுக்கலீங்க கண்ணு" என்றார்.