பனிக்காலத்தில் ஆவி விடும் பசளைக் குவியல்

இராகலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தை பிறந்து பத்து நாளாகியும் பனி விட்டபாடில்லை. விடியும்போது லீக்ஸ் பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக் கொம்போஸ்ட் குவியலில் மட்டும் ஆவி பறக்கிறது. எங்களுடையது சில்லிட்டுக் கிடக்கிறது. எலியும் காட்டுப்பன்றியும் மட்டும் தவறாமல் வருகின்றன. அவர்கள் அப்படி என்னதான் போடுகிறார்கள்?"

என்ன போடுகிறார்கள் என்பதைவிட எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

பனியைப் பற்றி இரண்டே வரி. மேகமில்லாத இரவில் மண்ணும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்றில் 4, 5 பாகை இருக்கும்போதே இலை 0 பாகைக்குக் கீழே போய்விடும். மாலையில் நாற்றுமேடையை மானாப்புல்லால் மூடுவது அந்த வெப்பத்தை மறிக்கத்தான். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குவியலுக்கு வருவோம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பாட்டி இருந்தார். அதிகாலையில் குப்பைமேட்டில் எழும் ஆவியைப் பார்த்து "முனி மூச்சுவிடுது" என்பார். மூச்சு என்றது சரி. யாருடையது என்பதில்தான் தகராறு. கோவா இலையிலும் தேயிலைச் சக்கையிலும் உள்ள சீனியைப் பற்றீரியாக்கள் ஒட்சிசனோடு சேர்த்துச் சுவாசிக்கின்றன. சாதாரண தரத்தில் படித்த அதே சுவாசம். குளுக்கோசில் உள்ள சக்தியில் ஏறக்குறைய 40 வீதத்தைக் கலம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு பற்றீரியாவின் வெப்பம் ஒன்றுமேயில்லை. ஆனால் ஒரு கிராம் குப்பையில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன.

அந்த வெப்பம் தங்க வேண்டுமே. லயத்தில் நடுக் காம்பராவில் இருப்பவர்களையும் ஓரக் காம்பராவில் இருப்பவர்களையும் கேட்டுப் பாருங்கள், யாருக்குக் குளிர் அதிகமென்று. ஓரக் காம்பராவுக்கு வெளியைப் பார்த்த சுவர் ஒன்று கூடுதல். சின்னக் குவியல் முழுக்க முழுக்க ஓரக் காம்பராதான். நீள, அகல, உயரம் மூன்றும் ஒரு மீற்றராவது இருந்தால்தான் நடுவில் ஓர் இடம் குளிருக்குத் தப்பும். அப்புறம் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு, பிழிந்த துணியளவு ஈரம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம். நடுப்பகுதி 40 பாகையைத் தாண்டியதும் வேலையை ஆரம்பித்த பற்றீரியாக்களுக்கே அந்தச் சூடு தாங்காது. சில செத்துப்போகும், சில அடங்கிப்போகும். அடுப்பு அணைய வேண்டிய இடம் அது. அணையாது. வெப்பத்தை விரும்பும் வேறொரு கூட்டம் எழுந்து வேலையைக் கையிலெடுக்கும், 60 பாகைக்கும் மேலே கொண்டுபோகும். யோசித்துப் பாருங்கள்: நுவரெலியா மண் எந்தக் காலத்தில் 60 பாகையைக் கண்டது? பகலில் 20 பாகை வந்தாலே கம்பளிச் சட்டையைக் கழற்றும் ஊர். பிறகு இவை எங்கிருந்து வந்தன?

அங்கேயேதான் கிடந்தன, வித்திகளாக. அனேகமாகச் சூடான எங்கோ பிறந்து, தூசியோடு தூசியாகக் காற்றில் வந்து, குளிர்மண்ணில் விழுந்து, தண்ணீரில் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டுத் தடித்த உறைக்குள் உறங்குகின்றன. சாப்பாடில்லை, சுவாசமில்லை என்றே சொல்லலாம். ஒருநாள் யாரோ கூடை கூடையாகக் கோவா இலையைக் கொட்டி, மேலே சருகைப் போட்டு, நான்கு நாள் கழித்துச் சூடேறும்போது விழித்துக்கொள்கின்றன. குளிர்நாட்டு மண்ணிலும் வெப்பவிரும்பிகளின் வித்திகள் கிடைப்பது நெடுநாளாக ஆய்வாளர்களைக் குழப்பிய விஷயம். முழங்கை ஆழத்தில் தோண்டினால் சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகத் தெரியுமே, பலர் அதைக் குப்பை தீப்பிடித்த அடையாளம் என்று பயப்படுவார்கள். அது அக்டினோமைசீட்டு என்ற இன்னொரு பற்றீரியாக் கூட்டம். மழை விழுந்த மண்வாசனைக்கும் காரணம் அதே குடும்பம்தான்.

இதையெல்லாம் ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் தோமஸ் புரொக் கண்டெடுத்த ஒரு வெப்பவிரும்பிப் பற்றீரியாவின் நொதியத்தை வைத்துத்தான் பிசிஆர் பரிசோதனை வளர்ந்தது. கொவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டது அதற்காகத்தான். அந்தப் பற்றீரியாவின் உறவினர்கள் பின்னாளில் சூடான கொம்போஸ்ட் குவியல்களிலும் கிடைத்தார்கள். நம் நாட்டில் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில் எல்லோரையும் கொம்போஸ்ட் போடச் சொன்னார்கள். குளிர்மலையில் குவியல் எப்படிச் சூடேறும் என்று எந்த லயத்துக்கு யார் வந்து காட்டினார்கள்? விஞ்ஞானத்துக்குக் காசு போடாமல் விவசாயத்தை மாற்றப் போனால் அப்படித்தான் ஆகும்.

சரி, எலியும் பன்றியும். அவை வருவது நாற்றத்தைத் தேடி. ஒட்சிசன் கிடைக்காத ஈரக் குப்பையில் வேறு பற்றீரியாக்கள் புகுந்து பியூற்றிரிக் அமிலம் போன்ற நாறும் பொருட்களை உண்டாக்கும். பன்றியின் மூக்குக்கு அது கல்யாண வீட்டு அழைப்பு. காற்றோட்டமுள்ள சூடான குவியலில் அந்த நாற்றம் குறைவு. ஈ இட்ட முட்டையும் புழுவும் நடுச் சூட்டில் அவிந்துபோகும். மேலே ஒரு சாண் கனத்துக்குச் சருகோ முதிர்ந்த கொம்போஸ்டோ போட்டால், அது வெறும் மூடி மட்டுமல்ல. மேலேறி வரும் நாற்ற மூலக்கூறுகளை அதிலுள்ள பற்றீரியாக்கள் வழியிலேயே தின்றுவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். குவியலின் ஓரம் எலிக்கு இதமான படுக்கை, அதுவும் பனிக்காலத்தில். முதல் வருடம் நான் சின்னதாக மூன்று குவியல் போட்டு, நெத்தலித் தலையையும் அதில் கொட்டினேன். தை முடிவதற்குள் ஒன்றுக்குள் எலிக்குஞ்சுகள். எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில் அது விளையாட்டில்லை. கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை அடியிலும் சுற்றிலும் கட்டுங்கள். பிளாஸ்ரிக் வலையை ஒரே இரவில் கடித்துவிடும். மீன், எலும்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பன்றிக்குக் கம்பிச் சுருக்கு மட்டும் வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு சுருக்கில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. சில நாட்களில் செத்தும் போனது. வலையைச் சுற்றிக் கட்டையடித்து, கீழ்க் கம்பியை மண்ணுக்குள் புதைத்தாலே பன்றிக்கு மூக்கை நுழைக்க இடமிருக்காது.

சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க வெப்பமானி தேவையில்லை. அலவாங்கை நடுவில் குத்தி, நுனி சூடேறும்வரை விட்டு இழுங்கள். நுனியைக் கையில் பிடிக்க முடியாவிட்டால் ஏறக்குறைய 50 பாகையையாவது தொட்டிருக்கும். மூன்று நான்கு நாள் அப்படி இருந்து சூடு இறங்கத் தொடங்கியதும் புரட்டி, ஓரத்தில் கிடந்ததை நடுவுக்குத் தள்ளுங்கள். விடியற்காலையில் வேண்டாம், சேர்த்த சூடெல்லாம் போய்விடும். பதினொரு மணி வெயிலில் இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டினால் அரை மணித்தியால வேலை.