செம்மண்ணுல இரும்புக்கு நடக்குற சண்டை

போன மாசம் தேவகோட்டைக்குப் போயிருந்தப்ப ஆச்சி என்னைய இழுத்துட்டுப் போயி கொல்லையில நின்ன தக்காளிச் செடியக் காட்டுச்சு. காய் புடிக்கிற நேரத்துல அடியிலையெல்லாம் மஞ்சளாகி, அதுவும் ஒரு பக்கம் மட்டும், மத்தியான வெயில்ல துவண்டு நிக்குது. "தண்ணி ஊத்த ஊத்த வாடுதேப்பா"ன்னுச்சு.

ஒரு செடியப் புடுங்கி தண்ட பிளேடால நெடுக்கப் பிளந்தேன், தோலுக்கு அடியில காப்பித்தூள் கலர்ல கோடு ஓடுது. அந்தத் துண்ட கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்கவிட்டு அஞ்சு நிமிஷம் பார்த்தோம், பால் மாதிரி எதுவும் இறங்கல. இறங்கியிருந்தா ரால்ஸ்டோனியாங்குற பாக்டீரியா, அது வந்தா செடி பச்சையா இருக்கும்போதே திடீர்னு சாஞ்சிரும். இது ஃபியூசேரியம், பூஞ்சை. வேர் வழியா நுழைஞ்சு தண்ணி ஏறுற குழாய்க்குள்ளயே வளருது, அது மேல ஏறிடக்கூடாதுன்னு செடியும் தன் குழாயத் தானே அடைச்சுக்குது, அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தி என்ன பண்றது? செடி செத்தாலும் பூஞ்சை கெட்டித்தோல் போட்ட வித்தா மாறி மண்ணுல வருஷக்கணக்கா படுத்துக் கெடக்கும்.

அதனால வேர்ல யாரு முதல்ல குடியேறுறாங்கங்குறதுதான் விஷயம். நம்மூர்ல பூட்டிப்போட்ட பெரிய வீட்டுல வவ்வால் குடியேறுதுல்ல, அதேதான். ஆள் இருக்குற வீட்டுல ஏறாது.

அந்த ஆளுங்கள்ல ஒண்ணு டிரைக்கோடெர்மா, இதுவும் பூஞ்சைதான். வேர்ல கசியுற சர்க்கரைய முந்திக்கிட்டுத் தின்னுரும், எதிரி இழை கிட்ட வந்தா அதைச் சுத்திக் கயிறு மாதிரி முறுக்கி, சுவரக் கரைக்கிற என்சைம விட்டு உள்ள இருக்குறத உறிஞ்சிரும். 1932லயே வெயிண்ட்லிங்னு ஒருத்தர் நாத்தழுகல் உண்டாக்குற ரைசோக்டோனியாவ இது தின்னுறதப் பார்த்து எழுதிட்டாரு.

எனக்குப் புடிச்சது சூடோமோனாஸ் பாக்டீரியா. நம்ம செம்மண்ணு செவப்பா இருக்குறதே இரும்பாலதான், ஆனா அது துருவா, கரையாம கெடக்கு, நுண்ணுயிரால லேசுல எடுக்க முடியாது. சூடோமோனாஸ் ஒரு பொருளச் சுரந்து அந்த இரும்பக் கொக்கி போட்டுக் கவ்வி தனக்கு மட்டும் எடுத்துக்குது, பக்கத்துல இருக்குற ஃபியூசேரியம் பட்டினி. அந்தப் பொருள் புறஊதா வெளிச்சத்துல மஞ்சப்பச்சையா ஒளிரும், சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ்னு அதுக்கு முழுப்பேரு வந்ததே அதுனாலதான். மண்ணு ரொம்பப் புளிச்சிருந்தா மட்டும் இரும்பு கொஞ்சம் தானாவே கரைஞ்சு கெடைச்சிரும், அப்ப இந்த வித்தை அவ்வளவாப் பலிக்காது, சுண்ணாம்பு போட்டுப் புளிப்ப எறக்கணும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், இல்ல சூடோமோனாஸ் 10 கிராம். நிலத்துக்குன்னா ஹெக்டேருக்கு 2.5 கிலோவ 50 கிலோ மக்குன தொழு உரத்துல கலந்து போடணும். நம்மாளுங்க கோட்டை விடுறது இங்கதான், காஞ்ச எருவுல கொட்டி உச்சி வெயில்ல வீசிட்டு பாக்கெட்டத் திட்டுறது. அது உயிருள்ள சரக்கு. நெழல்ல ஈரமா ரெண்டு வாரம் மூடி வச்சா எரு மேல டிரைக்கோடெர்மா பச்சை பச்சையா பூக்கும், அப்புறம் போடுங்க. கார்பென்டசிம் ஊத்துன எடத்துல உடனே டிரைக்கோடெர்மா போடாதீங்க, அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை கெட்ட பூஞ்சைன்னெல்லாம் தெரியாது.

"அப்ப இந்தச் செடிக்கு என்ன போடுறது?"ன்னு ஆச்சி கேட்டுச்சு. ஒண்ணும் போட முடியாது, புடுங்கி எரிக்க வேண்டியதுதான்னேன், மூஞ்சி சுருங்கிருச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்த எடத்துல கத்திரி போடலாமா?" போடலாம் ஆச்சி, இந்த ஃபியூசேரியம் தக்காளிய மட்டுந்தான் புடிக்கும். டம்ளர்ல பால் இறங்கியிருந்தா கத்திரியும் கெடையாது மொளகாயும் கெடையாது.