புழுவெட்டில் எந்தப் புழு?

திட்டுத்திட்டாக முடி கொட்டும் 'அலோபீசியா ஏரியேட்டா' என்ற நோய்க்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளர்கள் யோசிக்காமல் எழுதும் சொல் 'புழுவெட்டு'. சிலர் 'பூச்சிவெட்டு' என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த நல்ல தமிழ்ச் சொல்தானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். அந்த நோயில் புழுவே கிடையாது என்பதுதான் குறை.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் 'அலோபெக்ஸ்' என்றால் நரி. சொறி பிடித்த நரிக்கு முடி கொட்டுவதை வைத்து வந்த பெயர் அலோபீசியா. இன்று எந்தக் காரணத்தால் முடி போனாலும் அதற்கு இதுவே பொதுப்பெயர். ஏரியேட்டா என்றால் திட்டுத்திட்டாக. அவ்வளவுதான்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குகின்றன. நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம் தெரியும். தாடியிலோ புருவத்திலோகூட வரலாம். சிலருக்கு நகத்தில் பொடிப்பொடியாகக் குழி விழும். வேர் செத்துவிடுவதில்லை, அதனால் பலருக்கு முடி திரும்ப முளைக்கிறது. இது ஒட்டாது, அழுக்காலும் வராது.

'உவமைதானே, அலோபீசியாவில் மட்டும் நரி இருக்கிறதா?' என்று ஒரு வாதம் உண்டு. கிரேக்கம் தெரியாதவருக்கு அது வெறும் ஒலி. அதில் இருந்த நரி செத்துப் பல காலம் ஆகிவிட்டது. நம் சொல்லில் புழு இன்னும் நெளிந்துகொண்டிருக்கிறது. அதைக் கொல்வதற்காகப் பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலை வேகவைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு வந்தால் அதன் சீப்பைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். தவறான மருந்தையும் தவறான பயத்தையும் சேர்த்தே கொடுக்கிற பெயரை, தூய தமிழ் என்பதற்காக எப்படி ஏற்பது?

இன்னொரு குழப்பமும் உண்டு. குழந்தைகளின் தலையில் பூஞ்சைத் தொற்றால் வருகிற திட்டையும் புழுவெட்டு என்றே சொல்லிவிடுகிறோம். அதில் செதில் உதிரும், அரிக்கும், முடி பாதியில் ஒடியும், சில நேரம் சீழ் வைக்கும். அது ஒட்டும். களிம்பு மட்டும் போதாது, வாய்வழி மருந்து சில வாரங்கள் வேண்டும். அலோபீசியா ஏரியேட்டாவுக்குப் போடும் ஸ்டீராய்டை இதற்குப் போட்டால் பூஞ்சை இன்னும் பரவும். அப்புறம் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூஞ்சை நோய்க்கு ஆங்கிலத்தில் 'ரிங்வர்ம்' என்று பெயர். புழு இல்லாத இடத்தில் புழுவைப் பார்த்தவர்கள் ஆங்கிலேயரும்தான். நம்மிடம் 'படர்தாமரை' என்ற அருமையான சொல் இருக்க, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'வளையப்புழு' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

'வழுக்கை' என்பதையும் கண்ட இடத்தில் எல்லாம் போடுகிறார்கள். வழுக்குதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. பரம்பரையாக நெற்றியோரத்திலும் உச்சியிலும் முடி குறைவதற்கு அது சரி. அங்கே முடி கொட்டுவதைவிட, முடி உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இழை மெலிந்துகொண்டே போவதுதான் பெரிய சேதி. ஆனால் கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை முடிந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வருவது வழுக்கை அல்ல. அது 'முடி கொட்டுதல்'. பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும். நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான்.

என் கணக்கில் அலோபீசியாவுக்கு 'முடியிழப்பு', ஏரியேட்டாவுக்குத் 'திட்டு முடியிழப்பு', வேர் அழிந்து தோல் தழும்பாகும் வகைக்குத் 'தழும்பு முடியிழப்பு'. 'மயிரிழப்பு' என்று திருத்த வருகிறவர்கள் உண்டு. மயிர் பழைய இலக்கியத்தில் மதிப்பான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்று மருத்துவர் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாசைக்காக அல்ல. எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பது வகையைப் பொறுத்தது. தழும்பு வகையில் போன முடி திரும்பாது, அதனால் எரிச்சல், வலி, சிவப்பு, முடித்துளையே தெரியாத பளபளப்பு இருந்தால் உடனே தோல் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று திட்டு விழுந்தாலும், புருவம் இமை கொட்டினாலும், குழந்தையின் தலையில் செதிலோடு முடி போனாலும் அப்படியே. கொட்டுவது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் இரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். பெண்களுக்கு மாதவிடாய் தவறி முகத்தில் முடி வளர்ந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கிய மாத்திரைமேல் சந்தேகம் வந்தால் தானாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

நோயாளி 'புழுவெட்டு' என்று சொல்லட்டும், அது அவர் சொல். துண்டறிக்கை எழுதுகிறவர் 'திட்டு முடியிழப்பு' என்று போட்டு, பக்கத்தில் 'புழுவெட்டு என்று வழங்குவது, புழுவால் வருவதல்ல' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.