ஐப்பசியில் கதவு ஏன் பிடிக்கிறது?

சித்திரை வெயிலில் ஓரத்தில் சந்து விட்டிருந்த கதவு, ஐப்பசி அடைமழையில் தோளால் இடித்தால்தான் திறக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைக்கச் சொல்கிறோம். கோடை வந்ததும் சந்து முன்னைவிடப் பெரிதாகிவிடுகிறது.

மரத்தை அறுத்து எத்தனை வருஷமானாலும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், விடும். ஈரம் ஏறினால் பலகை அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. கதவின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

தேக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த தேக்குப் பலகை, மரத்திலுள்ள ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் விரியும். 90 செ.மீ. அகலக் கதவைப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்திருந்தால், ஈரப்பதம் 4 சதவீதம் ஏறும்போது கிட்டத்தட்ட 7 மி.மீ. விரிந்து நிலையில் முட்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் மிச்சமிருக்கும் திண்ணை வீடுகளில் கதவுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரு ஓரமும் நெட்டுச் சட்டம், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே பலகைகள். குறுக்குச் சட்டத்தின் நார் கதவின் அகலத்தோடு ஓடுவதால் அது விரியாது. விரிவதெல்லாம் 10 செ.மீ. அகல நெட்டுச் சட்டங்கள் இரண்டும்தான். சேர்ந்து ஒன்றரை மி.மீ. பலகையைப் பசை போட்டு இறுக்காமல் சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிக்குள் வெறுமனே செருகியிருப்பார்கள். அது உப்பவும் சுருங்கவும் காடிக்குள்ளேயே இடம் இருக்கிறது. அலங்காரம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்த அந்தக் கட்டங்கள், மழையையும் வெயிலையும் மரம் தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு.

இன்று அடுக்குமாடி வீட்டுக்கும் செட்டிநாட்டுப் பாணிக் கதவு கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கு முன், பலகை காடியில் நிற்கிறதா, ஒட்டுப்பலகையின் மேல் கட்டம் மாதிரி செதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். காரைக்குடியிலிருந்து பழைய கதவு வாங்கினால், மாட்டுவதற்கு முன் சில வாரம் வீட்டுக்குள் சாய்த்து வையுங்கள். சென்னைக் கடற்காற்றுக்கு அது பழகட்டும். அப்புறம் அளவெடுத்து இழைக்கலாம்.

பாலிஷ் போடும்போது கதவின் அடியையும் தலையையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் திறந்திருக்கிறது, ஈரம் வேகமாக ஏறுவதும் அந்த வழியாகத்தான். கதவைக் கீலிலிருந்து கழற்றிவைத்திருக்கும்போதே அங்கே இரண்டு பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள்.