வெண்தங்கம் வேறு, பிளாட்டினம் வேறு

நிச்சயதார்த்த மோதிரம் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் "பிளாட்டினம் எனும் வெண்தங்கம்" என்ற தொடர் கண்ணில் பட்டுவிடுகிறது. இது தவறான பெயர். மோதிரம் வாங்குகிறவரின் பணத்தையும் விரலையும் பாதிக்கிற தவறு என்பதால் சும்மா விட முடியவில்லை.

பெயர் வந்த கதை சிறியது. இன்றைய கொலம்பியாவின் ஆற்று மணலில் பொன் அரித்த ஸ்பானியர்கள், கூடவே கிடைத்த வெண்ணிறத் துகளைப் 'பிளாட்டினா' என்றார்கள். அவர்கள் மொழியில் 'பிளாட்டா' என்றால் வெள்ளி. பிளாட்டினா என்றால் குட்டி வெள்ளி. ஸ்பானியக் கடற்படை அதிகாரி அந்தோனியோ தெ உல்லோவா 1748இல் வெளியான தம் பயண நூலில் இதைக் குறிப்பிட்ட பிறகு ஐரோப்பிய அறிஞர்களின் கவனம் இதன்மேல் திரும்பியது. இது தனித் தனிமம், அணு எண் 78. தங்கம் இதன் பெயரிலும் இல்லை, பொருளிலும் இல்லை.

வெண்தங்கம் என்ற பெயருக்கு உண்மையில் உரியது வேறொன்று. தங்கத்தோடு பலேடியம் அல்லது நிக்கல் போன்றவற்றைக் கலந்து அதன் மஞ்சளைக் குறைத்த கலப்பு உலோகம் அது. கடைகளில் 'ஒயிட் கோல்டு' என்பார்கள். 18 கேரட் என்றால் முக்கால் பங்கு தங்கம், 750 என்று முத்திரை இருக்கும். பளிச்சென்ற வெண்மைக்காகப் பெரும்பாலும் மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தைப் பூசுகிறார்கள். அணிய அணிய அது தேயும், உள்ளிருக்கும் மெல்லிய மஞ்சள் தெரியும், மறுபடி பூச வேண்டும். பிளாட்டினத்துக்கு அந்த வேலை இல்லை, அதன் நிறமே வெண்மை. நகைக்கான பிளாட்டினம் பெரும்பாலும் 1000க்கு 950 பங்கு தூய்மை. தங்கத்தைவிடக் கனமும் கூட: ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், பிளாட்டினம் 21 கிராமுக்கு மேல். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் ஒருவர் பிளாட்டினம் தேடிப் போய், 'வெண்தங்கம்' என்ற பெயரை நம்பி நிக்கல் கலந்த மோதிரத்தோடு திரும்பினால் யார் பொறுப்பு?

"தமிழில் பொன் என்றாலே உலோகம்தானே, ஐம்பொன் என்கிறோமே" என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, பொன்னுக்கு அந்தப் பொருள் உண்டு. கரும்பொன் இரும்பு. வெண்பொன்? அது வெள்ளி, அந்தப் பெயர் எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. தங்கம் என்ற சொல்லுக்கோ உலோகம் என்ற பொதுப்பொருள் கிடையவே கிடையாது. ஆக, பொன்னுக்குச் சொல்லும் நியாயம் வெண்தங்கத்துக்கு உதவாது. இன்னொன்று: தூய தமிழ் என்று சொல்லி இதை ஆக்குகிறவர்கள் புணர்ச்சியையும் பார்க்கவில்லை. வெண் என்பதோடு தாமரை சேர்ந்தால் வெண்டாமரை. அந்தக் கணக்கில் இது வெண்டங்கம். வாயில் நுழையாததால் இலக்கணத்தை நழுவவிட்டுவிட்டு, தூய்மையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழியில் பிளாட்டினத்துக்கு 'ஹக்கின்' என்று பெயர், நேர்ப்பொருள் வெண்பொன். அந்த இடம் நிரம்பிவிட்டதால், அசல் வெள்ளைத் தங்கத்தை அங்கே ஆங்கிலச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். நாமும் அதே சிக்கலை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? போதாததற்கு, நம் நாளிதழ்களில் பருத்தியும் 'வெள்ளைத் தங்கம்' ஆகிறது. மொழிபெயர்ப்பவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல், அகராதியில் நிறத்தையும் பெயரையும் ஒட்டவைத்தே பழகிவிட்டார்கள். தங்கத்தின் தரத்துக்கு 'மாற்று' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது, பத்தரை மாற்றுத் தங்கம் என்று பேச்சில்கூட வாழ்கிறது. அதை விட்டுவிட்டுத் தேவையில்லாத இடத்தில் சொல்லாக்கம் செய்கிறார்கள்.

என் முடிவு இது. ஒயிட் கோல்டுக்கு வெள்ளைத் தங்கம் என்றே எழுதலாம். அது தங்கம்தான், பெயர் பொய் சொல்லவில்லை. பிளாட்டினத்தைப் பிளாட்டினம் என்றே விட்டுவிட வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல் அது. விலைச்சீட்டில் 'வெள்ளைத் தங்கம், 18 கேரட், பலேடியம் கலப்பு, ரோடியம் பூச்சு' என்றும், 'பிளாட்டினம் 950' என்றும் தனித்தனியாகப் போட இடம் தாராளமாக இருக்கிறது.