ஃபேவிசம்: அவரைக்காயின் மேல் விழுந்த பழி

ஃபாவா என்னும் பயற்றைத் தின்றதும் இரத்தச் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து, ஓரிரு நாளில் ஆள் வெளுத்துப்போகும் நோய்க்கு ஃபேவிசம் என்று பெயர். எல்லோருக்கும் இது வராது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குத்தான் வரும். உலகில் 40 கோடிப் பேருக்கும் மேல் இந்தக் குறையோடு இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலோர் அதை அறியாமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள்.

சொல் இத்தாலிய நாட்டுச் சொல். லத்தீனில் ‘ஃபாபா’, இத்தாலியனில் ‘ஃபாவா’ என்றால் அந்தப் பயறு. அதிலிருந்து ‘ஃபாவிஸ்மோ’ பிறந்து, ஆங்கிலம் வழியாக ஃபேவிசமாக நம்மிடம் வந்தது. பித்தாகரஸ் தம் சீடர்கள் இப்பயற்றை உண்ணக் கூடாதென்று விலக்கியதாக ஒரு மரபு உண்டு. அதற்குக் காரணம் இந்நோய்தான் என்பது வெறும் ஊகம்.

தமிழில் சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. ஃபாவாவை ஆங்கிலத்தில் ‘ப்ராட் பீன்ஸ்’ என்றும் சொல்வார்கள். நம் கடைகளிலோ அவரைக்காய்க்கும் அதே பெயரைத்தான் எழுதி ஒட்டுகிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். நம் அவரை பந்தலில் படரும் கொடி. அதன் முற்றிய விதையே மொச்சை. ஃபாவா நிமிர்ந்து நிற்கும் செடி, மேற்காசியாவையும் மத்தியதரைக் கடலோரத்தையும் சேர்ந்தது.

காரைக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், எழுபதைக் கடந்தவர். ஜி6பிடி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்ததும், விலக்க வேண்டிய உணவுகளின் ஆங்கிலப் பட்டியல் ஒன்று அவர் கைக்கு வந்தது. பேரன் அதை வாசித்து அவரைக்காய் என்று பெயர்த்துச் சொன்னான். அன்றோடு அவரைப் பொரியல் போனது, மொச்சை போட்ட வெண்டைக்காய் மண்டி போனது, கருவாட்டுக் குழம்பில் மொச்சையும் போனது. பல் தேய்ந்து, பசி குறைந்து, இருக்கிற புரதத்துக்கே தட்டுப்பாடான வயதில் காரணமில்லாமல் இவ்வளவையும் தட்டிலிருந்து எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மொச்சையோ தட்டைப்பயறோ ஃபேவிசத்தை உண்டாக்குவதாக நிறுவப்பட்டதில்லை. அதே வீட்டுக்கு மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வறுத்த கடலைக் கலவையையோ, வளைகுடாவில் மகன் வீட்டுக்குப் போனால் காலைச் சாப்பாட்டில் வைக்கும் ‘ஃபூல்’ என்ற மசியலையோ யாரும் சந்தேகிப்பதில்லை. ஃபூல் என்பது ஃபாவாவேதான். அந்தக் கலவையிலும் ஃபாவா இருக்கலாம்.

ஃபாவாவில் வைசின், கன்வைசின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. குடலில் அவை சிதைந்து உண்டாகும் டைவிசினும் ஐசோயுரமிலும் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்தால் தாக்கும். நொதி போதிய அளவு இருந்தால் அணு தாக்குப்பிடிக்கும், இல்லையேல் உடையும். பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள் களைப்பு, மூச்சிரைப்பு, கண்ணில் மஞ்சள், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் என்று தெரியவரும். இதைக் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லி அரைக்க உட்கார்ந்துவிடுவதில்தான் ஆபத்து. மஞ்சள் நிறம் கல்லீரல் கெட்டதால் வந்ததன்று, உடைந்த அணுக்களிலிருந்து வந்தது. வயதானவர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் உடனே திணறும் என்பதால், சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறவிக் குறை எழுபதில் எப்படித் தலைகாட்டும் என்று கேட்கிறார்கள். ஃபாவாவையே தொடாமல் ஒருவர் முக்கால் ஆயுளைக் கழித்திருக்கலாம். பெண்களிடம் இன்னொரு காரணமும் உண்டு. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் அணுவிலும் ஒன்றுதான் வேலை செய்யும். வயது ஏற ஏற இரத்த அணுக்களில் இந்தப் பங்கீடு ஒரு பக்கமாகச் சாயக்கூடும். குறையுள்ள எக்ஸின் பக்கம் சாய்ந்தால், இளமையில் நொதி போதுமானதாக இருந்த ஆச்சிக்கும் முதுமையில் போதாமல் போகும்.

பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நொதி குறைந்த பழைய அணுக்களே முதலில் உடைகின்றன. மிஞ்சும் இளம் அணுக்களில் நொதி கூடுதல். அதனால் நோய் வந்த வாரத்தில் எடுத்த முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இன்னொன்று: சிவப்பணுவின் ஆயுள் 120 நாளிலிருந்து குறைந்தால், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? வெறும் ‘சோகை’ என்றால் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது உடைதல். ஆங்கிலத்தில் இதற்குள்ள ‘ஹீமோலிட்டிக் அனீமியா’ என்ற பெயரில் இருக்கும் கிரேக்க ‘லைசிஸ்’ சொல்வதும் அதையே. ஆகவே ‘சிதைவுச்சோகை’ பொருத்தமானது. ‘அவரைச்சோகை’ என்று யாராவது ஆக்கினால் எதிர்ப்பேன். நிரபராதியின் பெயரை நோய்க்கு வைப்பதாகிவிடும். பயற்றின் பெயரை அப்படியே எடுத்து ‘ஃபாவாச் சிதைவுச்சோகை’ என்று எழுதலாம். பட்டியல்களில் ப்ராட் பீன்ஸ் என்று வருமிடத்தில் ‘ஃபாவாப் பயறு, நம் அவரை, மொச்சை அல்ல’ என்று சேர்த்து எழுத வேண்டும்.

பட்டியலில் உணவோடு மலேரியாவுக்குக் கொடுக்கும் ப்ரைமாகுயின், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் போன்ற மருந்துகளும் இருக்கும். பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் நாப்தலின் அந்துருண்டையும் சேர்த்தி.